சுவடியும் டென்சர் மரமும்

நம் திருவனந்தபுரத்துக் காரியவட்டத்தில், கேரளப் பல்கலைக்கழகத்தின் சுவடி நூலகம் இருப்பதை அறிவீர்கள். ஓலைச்சுவடி ஒன்றைத் தூய்மை செய்ய வேண்டுமானால் என்ன செய்வோம்? கயிற்றை அவிழ்ப்போம், ஏடுகளை ஒவ்வொன்றாகத் துடைப்போம், பழைய வரிசையிலேயே மீண்டும் கோப்போம். வரிசை தவறினால் ஏடு ஒன்றும் கெடாது. ஆனால், நூல் கெட்டுவிடும். எந்திரக் கற்றலிலும் நிலைமை இதுவே என்பதை நான் பட்டே அறிந்தேன்.

நரம்பு வலையம் ஒன்றில் எண்கள் ஒரே குவியலாகக் கிடப்பதில்லை. அடுக்குகள் பல, அடுக்குதோறும் டென்சர்கள் உள்ளன. அவற்றைப் பைத்தான் மொழியில் டிக்ஷனரிக்குள் டிக்ஷனரியாக வைக்கிறோம். இது கிளைத்த மரம். டென்சர்களே அதன் இலைகள்.

2018இல் வெளிவந்த ஜாக்ஸ் என்னும் நிரல் தொகுப்பு இம்மரத்தைப் 'பைட்ரீ' என்கிறது. அதிலுள்ள 'ட்ரீ ஃபிளாட்டன்' மரத்தைப் பிரித்து இரண்டு பொருள்களைத் தரும். ஒன்று, இலைகளின் பட்டியல். மற்றொன்று, மரத்தின் அமைப்பு. இவ்விரண்டையும் சேர்த்து மீண்டும் மரமாக்குவது 'ட்ரீ அன்ஃபிளாட்டன்'. எல்லா இலைகளையும் பாதியாக்க வேண்டுமா? பிரித்தல், மாற்றுதல், சேர்த்தல் ஆகிய மூன்றையும் 'ட்ரீ மேப்' தானே முடித்துவிடும்.

நான் செய்த பிழை யாது? என் வலையத்தில் பன்னிரண்டு அடுக்குகள். அடுக்குக்கு ஒரு டென்சர். எல்லாம் ஒரே அளவு. 'அடுக்கு1' முதல் 'அடுக்கு12' வரை பெயரிட்டேன். டென்சர்களை 1, 2, 3 என்ற வரிசையில் நானே பட்டியலாக்கிச் சேமித்தேன். பின்னர் அப்பட்டியலை ஜாக்ஸிடம் கொடுத்து மரமாக்கினேன். அதுவோ டிக்ஷனரியின் பெயர்களை எழுத்து வரிசையில் அடுக்குவது! அவ்வரிசையில் 1, 10, 11, 12 ஆகியவை வந்த பிறகே 2 வரும். அளவுகள் ஒத்திருந்தமையால் பிழைச் செய்தி ஏதும் எழவில்லை. விடைகள் மட்டும் பிதற்றலாயின. காரணம் காண இரண்டு இரவுகள் கண்விழித்தேன்.

ஆகவே, நண்பர்களே, மூன்றை மறவாதீர்கள். இலைகளைப் பிரிக்கும் வேலையையும் சேர்க்கும் வேலையையும் ஒரே கருவியிடம் விடுங்கள். பெயர்களை 'அடுக்கு01' என எழுதுங்கள். அல்லது, வரிசை மாறாத லிஸ்டில் வையுங்கள். சேமித்ததை உடனே மீட்டு, பெயருக்குப் பெயர் ஒப்பிட்டுப் பாருங்கள்.

நம் முன்னோர் ஏடுதோறும் எண் இட்டு வைத்தது வீணன்று!