கோபத்துக்கு வேறு பெயர்கள்

12ஆம் வகுப்பு வணிகவியலில் நுகர்வோர் பாதுகாப்பு நடத்தும்போது மனவெழுச்சி நுண்ணறிவையும் சேர்த்தே கற்பிக்கிறேன். 1990இல் சலோவேயும் மேயரும் விளக்கிய இத்திறனுக்கு அடிப்படை, உணர்வைச் சரியாக அறிதல்.

ஒரு மாணவர் கடைக்காரர். மற்றவர் பழுதான மின்விசிறியுடன் வருபவர். "பில் எங்கே?" என்று கேட்கும் முன், வந்தவரின் மனநிலையைக் கடைக்காரர் ஒரே சொல்லில் கூற வேண்டும். முதலில் எல்லோரும் "கோபம்" என்பார்கள். ஏமாற்றமா, அவமானமா, பணம் போன கவலையா என்று வந்தவரிடமே கேட்கச் சொல்வேன். சொல் மாறினால் பதிலும் மாறும்: கவலைக்கு உத்தரவாத விவரம், அவமானத்துக்கு மன்னிப்பு. பிறகு இருவரும் இடம் மாறுவார்கள்.

10 நிமிடம் போதும். விடுமுறையில் கடை வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கு இது மதிப்பெண்ணுக்கானது மட்டுமன்று. வசவு கேட்கும்போதும் நிதானமாக நிற்கப் பழக்கும் பாடம்.