மலைச்சாரலில் பறவை நோக்கு: இல்லத்தார்க்கு ஒரு பாடம்

பறவை காண்பது என்றவுடன் நம் குடும்பங்களில் பலருக்கும் வேடந்தாங்கலே நினைவுக்கு வரும். ஏரி நடுவே மரங்களில் ஆயிரக்கணக்கில் கூடும் நீர்ப்பறவைகளைக் கரையில் நின்றபடியே கண்டுவிடலாம். காட்டிலும் புல்வெளியிலும் அவ்வாறன்று. அங்கே பறவைகள் தனித்தனியே மறைந்து வாழ்வன. அவற்றைக் காட்டித்தர ஒருவர் வேண்டும். அத்தகைய பயிற்சிக்கு ஏற்ற இடம் நம் மாவட்டத் தலைநகரிலேயே இருக்கிறது.

திருவண்ணாமலை மலை 2,668 அடி உயரமுடையது, காப்புக்காடு. மேற்சரிவுகளில் பாறையும் நெடும்புல்லும், அடிவாரத்தில் முட்புதரும், 1980களின் இறுதி முதல் தொண்டு அமைப்புகளின் முயற்சியால் நட்டு வளர்க்கப்பட்ட மரங்களும் காணப்படுகின்றன. புல்லுக்குக் கௌதாரி, காடை, வானம்பாடி. புதருக்குச் சின்னான், தவிட்டுக்குருவி, செண்பகம். மரத்திற்குக் குயில், மாங்குயில், மரங்கொத்தி என இருப்பிடத்தை அறிந்தால் பறவையைப் பாதி அறிந்தவாறாகும்.

வனத்துறையின் அனுமதியும் வழியறிந்த துணையும் இன்றிச் சரிவில் ஏறுதல் கூடாது. இது வெறும் சடங்கன்று. 2024 டிசம்பர் 1ஆம் நாள் பெருமழையில் இம்மலைச்சரிவு மண்ணும் பாறையுமாய் இறங்கியதில், ஐந்து சிறார் உட்பட எழுவர் உயிரிழந்தனர். அவ்வாண்டுத் தீபத் திருநாளில் பக்தர்கள் மலையேற அனுமதிக்கப்படவில்லை. சிறுவர்களை அழைத்துச் செல்வோர் அடிவாரப் பாதையோடு நின்றுவிடுவதே நன்று. பறவைகளும் அங்கேதான் மிகுதி.

இனிப் பாடத்திற்கு வருவோம். விடியற்காலையில் சென்று, ஓரிடத்தில் பத்து நிமிடம் பேசாது நிற்க வேண்டும். முதலில் காது, பிறகு கண். நல்ல வழிகாட்டி பறவையை நோக்கி விரலை நீட்டுவதில்லை. எதிரேயுள்ள மரத்தைக் கடிகார முகமாக எண்ணச் சொல்லி, "இரண்டு மணிக் கிளையில் பாருங்கள்" என்பார். பைனாகுலரில் 8 x 40 என்றிருப்பதன் பொருளைச் சிறுவர்க்கு விளக்குக. 8 என்பது உருவம் எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது. 40 என்பது முன் கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். 40ஐ 8ஆல் வகுத்தால் வரும் 5, கண்ணருகே வெளிப்படும் ஒளிவட்டத்தின் அளவு. அது பெரிதாயின் மங்கிய ஒளியிலும் பறவை தெளிவாகத் தெரியும். வகுத்தல் கணக்கு எதற்கு என்று கேட்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல விடை எனக்குக் கிடைத்ததில்லை.

குளிர்காலத்தில் ஆறுமணிக்குருவியைத் தேடலாம். வட, நடு இந்தியப் பகுதிகளில் கூடு கட்டும் இது, பனிக்காலத்தில் தெற்கே வந்து தோப்பு நிழலில் சருகு கிளறி இரை தேடும். காலையிலும் மாலையிலும் ஆறு மணியளவில் குரல் கொடுப்பதால் இப்பெயர் பெற்றது.

ஆயினும் நான் முதலிடம் தருவது ஆள்காட்டிக்கே. அது கூடு கட்டுவதில்லை. வெறுந்தரையில் சிறு குழியில், பெரும்பாலும் மார்ச்சு முதல் ஆகஸ்டு வரையுள்ள காலத்தில், மூன்று அல்லது நான்கு முட்டைகள் இடும். மண்ணின் நிறமே முட்டையின் நிறம். வெயில் கடுமையானால் தாய்ப்பறவை நீரில் வயிற்று இறகுகளை நனைத்து வந்து முட்டைகளைக் குளிர்விக்கும். நாம் நெருங்கினால் கூவி நம்மைச் சுற்றிப் பறக்கும். அதைப் பறவை பாடுகிறது என்று மகிழ்ந்து நிற்பது பேதைமை. உடனே வந்தவழியே திரும்ப வேண்டும். முனிவர்க்குரிய ஈர்யா சமிதி, நான்கு முழத் தொலைவு நிலம் நோக்கி நடக்கச் சொல்கிறது. அதன் பயனை நூலில் படித்த பிள்ளைகள் ஆள்காட்டியின் முட்டையைக் கண்டபின் கேள்வி கேட்பதில்லை.

தரையில் முட்டையிடும் கௌதாரிக்கும் வானம்பாடிக்கும் பெரும்பகை கோடைத் தீ. காய்ந்த புல்லில் ஒரு பீடித்துண்டு போதும். தீத்தடுப்புக் கோடுகள் வெட்டியும் இலைக்கொத்தால் அடித்தும் தீயணைக்கும் தொண்டர்கள் இவ்வூரில் உள்ளனர். மலை வலம் வருவோர் கற்பூரத்தைப் புல்லோரம் ஏற்றாதிருந்தாலே அவர்களுக்குப் பேருதவி.

நம்மவர் சிந்திக்க வேண்டிய செய்தி இன்னொன்று உண்டு. கூண்டுப் பறவைகளை விலைகொடுத்து வாங்கிப் பறக்கவிடுவதைப் புண்ணியம் எனக் கருதுவோர் உளர். கருணை மெய்யானதே, ஆனால் கொடுத்த பணம் வலைக்காரனுக்கு மறுநாள் கூலியாகிறது. நூறு சில்லைகள் விடுதலை பெற, அதனினும் மிகுதியானவை பிடிபட்டிருக்கும். வழியில் இறந்தவை எத்தனையோ. கிளியையும் சில்லையையும் பிடிப்பதும் விற்பதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம். அப்பணத்தைத் தீத்தடுப்புப் பணிக்கோ, காயமுற்ற பறவைகளுக்கு மருத்துவம் செய்வோர்க்கோ அளிக்கலாம். தில்லிச் செங்கோட்டைக்கு எதிரே உள்ள திகம்பர ஜைன லால் மந்திரில் இத்தகைய பறவை மருத்துவமனை பல்லாண்டுகளாக நடந்து வருகிறது.

கைப்பேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு அதை வரவழைப்பதும் தவறு. வேற்றுப் பறவை தன் எல்லைக்குள் புகுந்ததாக எண்ணி அது குஞ்சுகளை விட்டுவிட்டு ஓடிவரும்.

மயிலிறகு கிடைத்தால் பிள்ளைகள் எடுத்து வரட்டும். இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் ஆண் மயில் தோகையைத் தானே உதிர்க்கும். திகம்பர முனிவரின் பீலி அவ்வாறு உதிர்ந்த இறகுகளால் ஆனதே.

வீடு திரும்பியதும் குறிப்பேட்டில் நாள், நேரம், இடம், பறவை, எண்ணிக்கை, அது செய்துகொண்டிருந்த செயல் ஆகியவற்றை எழுதச் செய்க. பெயர் தெரியாவிடில் அளவு, அலகு, வால், நிறம் எழுதினால் போதும். ஆண்டுதோறும் பொங்கல் விடுமுறையில் தமிழகமெங்கும் பறவைக் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. பதினைந்து நிமிடம் நோக்கி எண்ணி இணையத்தில் பதிந்தால் யாரும் பங்கு பெறலாம். வீட்டு மாடியிலிருந்தும் எண்ணலாம். காக்கையும் மைனாவும் கணக்கில் சேரும்.