அழித்தும் அழியாதவை

பண்டமாரானில் உள்ள ஒரு மருந்தகம் தன் பழைய கணினியை விற்கப் போகிறது என வைத்துக்கொள்வோம். நோயாளிகளின் பெயர், அடையாள அட்டை எண், நோய் விவரம் ஆகியவை அதில் உள்ளன. பணியாளர் கோப்புகளை நீக்குகிறார். மறுசுழற்சித் தொட்டியையும் காலி செய்கிறார். திரையில் ஒன்றும் தெரிவதில்லை. ஆனால், வன்தட்டில் பெரும்பாலானவை அப்படியே இருக்கின்றன.

எந்தக் கோப்பு எங்கே உள்ளது என்பதைக் காட்டும் அட்டவணை ஒன்று வன்தட்டில் உண்டு. கோப்பை நீக்கும்போது, அது இருந்த இடம் ‘காலி’ என்று குறிக்கப்படுகிறது, அவ்வளவுதான். நூலகப் பட்டியலில் பெயரை அடித்துவிட்டாலும் நூல் அடுக்கிலேயே இருக்கும் அல்லவா? வேறு தரவு அதன்மீது எழுதப்படும்வரை, மீட்பு மென்பொருளால் பழைய கோப்பை எடுத்துவிடலாம்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக மாணவர்கள் சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலாட் இருவரும் 2000 முதல் 2002 வரை 158 பழைய வன்தட்டுகளை வாங்கி ஆராய்ந்தனர். இயங்கிய 129 தட்டுகளுள் முறையாகத் துடைக்கப்பட்டவை 12 மட்டுமே. மற்றவற்றிலிருந்து 5,000க்கும் மேற்பட்ட கடன்பற்று அட்டை எண்கள் கிடைத்தன. தானியங்கிப் பணப் பொறியில் இருந்ததாகத் தோன்றிய தட்டும் அவற்றுள் ஒன்று!

மலேசியாவில் 2013 நவம்பர் 15 முதல் நடப்பில் இருக்கும் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010, வணிக நடவடிக்கைகளில் திரட்டிய தரவு இனித் தேவையில்லை என்றால், அதை அழிக்க வேண்டும் அல்லது நிரந்தரமாக நீக்க வேண்டும் என்கிறது. ‘நிரந்தரமாக’ என்ற சொல்லே இங்கு முக்கியம். நீக்கும் பொத்தானை அழுத்துவது அதற்குப் போதாது.

வன்தட்டு முழுவதும் சுழியங்களை எழுதுவதே எளிய வழி. 35 முறை எழுத வேண்டும் என்னும் பேச்சு 1996இல் பீட்டர் குட்மன் எழுதிய கட்டுரையிலிருந்து பரவியது. இன்றைய காந்த வன்தட்டுக்கு ஒருமுறையே பொதுவாகப் போதும். மீதி 34 முறையும் வீண் காத்திருப்புதான்.

திண்மநிலைத் தட்டின் கதை வேறு. தேய்மானத்தைக் குறைப்பதற்காக அது தரவை இடம் மாற்றி மாற்றி எழுதுவதால், மேலெழுதினாலும் பழைய படி எங்கேனும் தங்கிவிடலாம். ஆகவே, தயாரிப்பாளர் தரும் அழிப்புக் கட்டளையைப் பயன்படுத்த வேண்டும். தொடக்கத்திலிருந்தே தரவை மறைகுறியாக்கி வைத்திருந்தால், திறவுகோலை அழித்தாலே போதும்.

பழுதாகி இயங்காத தட்டில் எதையும் எழுத முடியாது. அதைக் கழற்றி, உடைத்துத்தான் அப்புறப்படுத்த வேண்டும்.