நூலும் காற்றின் ஈரமும்

குளிர்சாதனம் என்றவுடன் வங்கியும் திரையரங்குமே அங்கத்தினர் பலருடைய நினைவுக்கு வரும். ஆயினும் அச்சாதனம் மனிதருடைய சுகத்தின் பொருட்டுத் தோன்றியதன்று. காகிதமும் நூலும் கெடாதிருக்கவே முதலில் அது வேண்டப்பட்டது. ஆதலின் நெசவாளர் அதன் வரலாற்றை அறிதல் பொருத்தமேயாகும்.

1902-ஆம் ஆண்டில், நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியிலிருந்த ஓர் அச்சகத்தில் வண்ணப்படங்கள் சரியாகப் பதியவில்லை. காற்றில் ஈரம் மிகுந்தால் காகிதம் விரிந்தது; குறைந்தால் சுருங்கியது. அதனால் ஒரு வண்ணத்தின்மேல் மற்றொன்று பொருந்தாமற் போயிற்று. இக்குறையை நீக்கும் பணி வில்லிஸ் காரியர் என்னும் 25 வயது என்ஜினீயரிடம் ஒப்படைக்கப்பட்டது. குளிர்ந்த நீர் ஓடும் குழாய்ச் சுருள்களின்மேல் காற்றைச் செலுத்தி அவர் அதன் ஈரத்தைக் குறைத்தார். குளிர்ந்த நீர் நிறைந்த செம்பின் புறத்தே நீர் துளிர்ப்பதை நாம் கண்டதில்லையா? அதே நியதிதான் இது.

அடுத்து அவர் கண்ட வழி விந்தையானது. நீரைத் தெளித்தே காற்றை உலர்த்தலாம் என்பது அது. தெளிக்கும் நீர் போதிய குளிர்ச்சியுடையதாயின், காற்றிலுள்ள ஈரம் அத்துளிகளோடு சேர்ந்துவிடும். நீர் சற்று வெம்மையாயின் காற்றுக்கு ஈரம் ஏறும். ஆகவே நீரின் வெப்பத்தை ஓர் அளவில் நிறுத்தினால் காற்றின் ஈரமும் ஓர் அளவில் நிற்கும். இச்சாதனத்திற்கு அவர் 1906-இல் காப்புரிமை பெற்றார்.

அதே 1906-இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் பஞ்சாலைகளுக்கு ஈரமூட்டும் கருவிகளை அமைத்துவந்த ஸ்டூவர்ட் கிராமர் இத்தொழிலுக்குப் பெயரிட்டார். நூலுக்கு ஈரமேற்றிப் பதப்படுத்துவதை ஆலையார் குறித்த சொல்லையே அவர் காற்றுக்கும் வழங்கினார். ‘ஏர் கண்டிஷனிங்’ என்ற பெயரே நூல் தொழிலிலிருந்து சென்றது என்பதை நம்மவருள் அறிந்தோர் சிலரே.

நம் குழித்தறிகளுக்கு என்ஜினீயர் எவரும் வரவில்லை. ஆயினும் குழியின் ஈரமண் பாவிழைகளை ஓரளவு காத்து வந்தது. கோடையில் இழை அடிக்கடி அறுவதும், தறிமேடையில் நீர் தெளித்தால் அது குறைவதும் எவரும் அறிந்தவையே.

இனிச் சங்கத்தின் கிடங்குக்கு வருவோம். முற்றும் உலர்ந்த பருத்திநூல் 100 கிலோவுக்கு ஈரம் 8.5 கிலோ என்பது வணிக வழக்கு, மொத்தம் 108.5 கிலோ. வறண்ட கோடையில் அவ்வீரம் 6 கிலோவாகக் குறைந்தால் எடை 106 கிலோவாகும். ஓர் இழையும் வெளியே போகாமலே இரண்டரைக் கிலோ குறைந்துவிடும். மழைக்காலத்தில் நிறுத்து வாங்கிய நூலைச் சித்திரையில் நிறுத்துப் பார்த்துக் கிடங்குப் பொறுப்பாளர்மேல் பழி சுமத்துவதை ஆய்வுகளில் நாம் காண்கிறோம். இவ்வளவே குறைந்திருப்பின், ஈரத்தைக் கணக்கிடாமல் ஒருவரைக் களவுக்கு ஆளாக்குவது நியாயமன்று. ஈரத்தால் விளக்கவியலாத குறைவு இருப்பின் அதற்கு அவர் பதில் கூறியே தீரவேண்டும்.

சன்னல்களைத் திறந்துவைத்தால் ஈரம் போய்விடும் என்று பலர் எண்ணுகின்றனர். மழைநாளில் அது ஈரத்தை உள்ளே அழைப்பதேயாகும். வெளிக்காற்று உட்காற்றைவிட வறண்டிருக்கும் வேளையிலேயே திறத்தல் வேண்டும்.

இதனை அறிய இரண்டு வெப்பமானிகள் போதும். ஒன்றன் குமிழில் நனைந்த துணியைச் சுற்றி, இரண்டையும் கிடங்கில் அருகருகே தொங்கவிடலாம். இரண்டின் அளவும் நெருங்கியிருந்தால் காற்றில் ஈரம் மிகுதி, விலகியிருந்தால் வறட்சி. நூல் நிறுக்கும் நாளில் இவ்விரு அளவுகளையும் இருப்புப் பதிவேட்டில் எடைக்கு எதிரே எழுதி, பொறுப்பாளரும் நிர்வாகக் குழு அங்கத்தினர் ஒருவரும் கையொப்பமிட வேண்டும்.