பழைய வண்டியில் புதிய எஞ்சின்

கேள்வி: பழைய செவர்லே காரில் எல்எஸ்1 எஞ்சினைப் பொருத்தி, அதன் கம்ப்யூட்டருக்கு ஒயரிங்கும் செய்துவிட்டேன். ஓரிரு விநாடி ஓடி நின்றுவிடுகிறது. ஏன்?

பதில்: தாங்கள் கூறும் லக்ஷணத்தைப் பார்த்தால், திருட்டைத் தடுக்கும் பொருட்டு ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தார் அந்தக் கம்ப்யூட்டரிலேயே அமைத்திருக்கும் பாதுகாப்பு ஏற்பாட்டின்மீதுதான் என் சந்தேகம் முதலில் செல்கிறது; எஞ்சின் பிறந்த வண்டியின் சாவி வழியே வரவேண்டிய அனுமதிச் சமிக்ஞை தங்கள் காரில் இல்லாதபடியால், அது இஞ்செக்டர்களை நிறுத்தி, பெட்ரோல் செல்லாதபடி செய்துவிடுகிறது. விஷயமறிந்தவரைக் கொண்டு புரோகிராமிலிருந்தே அதை நீக்கிவிடுவதுதான் உசிதம். அதற்கு முன், பேட்டரியிலிருந்து இடையறாது வரும் 12 வோல்ட் மட்டுமன்றி, சாவியைத் திருப்பியபின் வரும் 12 வோல்ட்டும் ஸ்டார்ட்டர் சுழலும்போது அறுபடாமல் இருக்கிறதா என்று அவசியம் சோதியுங்கள். எர்த் ஒயர்களைப் பெயின்ட் படிந்த தகட்டில் அல்லாமல், எஞ்சினின் சுத்தமான உலோகத்திலேயே முடுக்குங்கள்.