தோலின் திரை

முதுமையின் அடையாளங்களை ‘நரை, திரை, மூப்பு’ என அடுக்கிக் கூறுவது தமிழ் வழக்கு. நரை என்பது முடி வெளுத்தல். திரை என்பது தோல் சுருங்குதல். கடல் அலைக்கும் திரை என்றே பெயர்.

தோலின் உள்ளடுக்கில் கொலாஜன், எலாஸ்டின் என்னும் புரத இழைகள் உள்ளன. முன்னது தோலுக்கு உறுதியையும், பின்னது இழுத்தால் மீளும் தன்மையையும் தரும். வயது ஏற ஏற இவை குறையும். அது நோயன்று, பாட்டியின் கைச் சுருக்கத்தைக் கண்டு வருந்த வேண்டியதில்லை. ஆனால் வெயிலும் புகைபிடித்தலும் அவ்விழைகளை உரிய காலத்திற்கு முன்பே சிதைக்கின்றன.

அமெரிக்காவில் 28 ஆண்டுகள் சரக்குந்து ஓட்டிய 69 வயது முதியவர் ஒருவரின் படம், 2012ஆம் ஆண்டு மருத்துவ இதழொன்றில் வெளியாயிற்று. அவருடைய முகத்தின் வலப்பக்கத்தைவிட இடப்பக்கத்தில் திரைகள் மிக ஆழமாக இருந்தன. அந்நாட்டில் ஓட்டுநர் இருக்கை இடப்பக்கம் உள்ளது. புற ஊதாக் கதிர்களுள் ஒருவகை, மூடிய சன்னல் கண்ணாடியையும் ஊடுருவி அவர் கன்னத்தைத் தாக்கியிருந்தது.

குடை, தொப்பி, முழுக்கைச் சட்டை, வெயில் தடுப்புக் களிம்பு ஆகியவை தோலைக் காக்கும். விளம்பரங்களில் வரும் களிம்புகள் பல, தோலுக்கு ஈரமூட்டித் திரையைச் சிறிது நேரம் மறைப்பனவே. ரெட்டினாய்டு என்னும் மருந்து ஓரளவு பயன் தரும். அதனையும் மருத்துவர் கூறினாலன்றிப் பூசலாகாது.

சிந்தித்து எழுதுக: இந்தியாவில் நெடுங்காலம் சரக்குந்து ஓட்டுபவருக்கு எந்தக் கன்னத்தில் திரை மிகும்? ஏன்?