கடும் ஒற்றைத் தலைவலிக்கு நரம்புத் தூண்டல் சிகிச்சை

“எந்த மாத்திரைக்கும் கேட்கவில்லையே, இனி என்ன வழி?” என்று கடும் ஒற்றைத் தலைவலியால் வருந்துவோர் எங்களிடம் கேட்பதுண்டு. மாத்திரையைக் கூட்டுவது இதற்கு விடையன்று. சாதாரண வலிநிவாரணிகளை மாதத்தில் 15 நாள்களோ அதற்கு மேலோ, டிரிப்டான் வகை மருந்துகளை 10 நாள்களோ அதற்கு மேலோ தொடர்ந்து உட்கொண்டால், அம்மருந்துகளே தலைவலியை வளர்க்கக்கூடும். ஆகவே, மருந்தில்லா வழியான நரம்புத் தூண்டலைப் பற்றி இங்கு விளக்க விரும்புகிறோம்.

எவ்வாறு செயல்படுகிறது?

நெற்றி, முகம் ஆகியவற்றின் உணர்வுகளை மூளைக்குக் கொண்டு செல்வது முக்கிளை நரம்பு. ஒற்றைத் தலைவலியின்போது இந்நரம்பின் வலிப்பாதை மிகையாகக் கிளர்ச்சியுறுகிறது. தோலின் வழியே மென்மையான மின்துடிப்புகளைச் செலுத்தி அக்கிளர்ச்சியைத் தணிக்க முயல்வதே இச்சிகிச்சை.

வகைகள்

நெற்றியில் பொருத்தும் கருவிக்கு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிருவாகம் 2014-இல் ஒப்புதல் அளித்தது. வலி வராமல் தடுக்க இதனை நாள்தோறும் 20 நிமிடங்கள் அணிய வேண்டும். மேற்கையில் அணியும் கருவி, உடலிலேயே இயல்பாக அமைந்துள்ள வலியடக்கும் ஆற்றலைத் தூண்டுகிறது. வலி தொடங்கியவுடன் 45 நிமிடங்கள் பயன்படுத்தப்படுகிறது. கழுத்திலுள்ள வேகஸ் நரம்பைத் தூண்டும் கைக்கருவியும் உண்டு. பின்தலை நரம்பருகே அறுவை மூலம் பொருத்தும் முறையில் கம்பி இடம்பெயர்தல், தொற்று போன்ற இடர்கள் உள்ளன. எனவே, பிற வழிகள் யாவும் பயனளிக்காத மிகச் சிலருக்கே அது கருதப்படுகிறது.

எவ்வளவு பயன் எதிர்பார்க்கலாம்?

நெற்றிக் கருவி குறித்து பெல்ஜியத்தில் 67 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2013-இல் வெளியானது. மூன்று மாதப் பயன்பாட்டில், மெய்யான கருவி அணிந்தோருள் ஏறத்தாழ 38 விழுக்காட்டினருக்கு வலி நாள்கள் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தன. போலிக் கருவி அணிந்தோருள் 12 விழுக்காட்டினருக்கே அவ்வாறு குறைந்தன. பயன் உண்மையே, எனினும் அனைவருக்கும் உறுதியன்று. முதல் வாரத்திலேயே மாற்றம் காணவில்லையென மனந்தளர வேண்டாம்.

கவனிக்க வேண்டியவை

பேஸ்மேக்கர் முதலிய கருவிகள் உடலில் இருப்பின், அல்லது வலிப்பு நோயோ கருவுற்ற நிலையோ இருப்பின், முன்னரே மருத்துவரிடம் தெரிவியுங்கள். நெற்றியில் கூச்சமோ உறக்கக் கலக்கமோ தோன்றலாம். தடுப்பு மருந்துகளைத் தாமாக நிறுத்தலாகாது. வலி வந்த நாள், நீடித்த நேரம், உட்கொண்ட மருந்து ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். சிகிச்சையைத் தொடரலாமா என்பதை அதைக் கொண்டே முடிவு செய்வோம்.

குடும்பத்தாருக்கு

“வெறும் தலைவலிதானே” என்று எண்ணாதீர்கள். இருண்ட, அமைதியான அறையும் பொறுமையும் பெருந்துணை. ஆனால் திடீரென்று இதுவரை காணாத கடும் வலி, கைகால் தளர்ச்சி, பேச்சுக் குழறல், காய்ச்சலுடன் கழுத்து விறைப்பு ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும், கருவியை நாடாமல் உடனே அவசரப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள்.